ஒன்றரைச் சாண் நாடா

கராத்தேயில் கட்டா என்று ஒன்று உண்டு. எதிரே ஆள் இல்லாமல், வரிசையாக அமைந்த அடிகளையும் தடுப்புகளையும் தனியாக நின்று செய்து காட்டுவது. எங்கள் மாஸ்டர் அதில் ஒரு விஷயத்தில் கறார். எந்த இடத்தில் நின்று தொடங்கினோமோ, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் போய்விட்டு, அதே இடத்தில் வந்து முடிக்க வேண்டும். எண்பதுகளின் நடுவில், கல்கத்தா பாலிகஞ்சில் ஒரு மொட்டை மாடியில், நானும் என் தோழியும் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு அதன்மேல் நின்று தொடங்குவோம். முடிக்கும்போது இரண்டு பேருமே குறியைத் தாண்டி இரண்டு அடி முன்னால் நிற்போம். ஏன் அப்படி ஆகிறது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. அப்பாவுக்கு கார்டன் ரீச்சில் ரயில்வே அலுவலகத்தில் வேலை. லேக் மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில் வாடகைக்கு இருந்தோம். அந்த வருடம் மழை விடுகிற சமயத்தில் அப்பாவுக்கு பிலாஸ்பூருக்கு மாற்றல் வந்தது, ஜனவரியில் போய்ச் சேரவேண்டும் என்று. அம்மாவுக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். பிலாஸ்பூர் மேல் அம்மாவுக்கு என்ன ஆசை இருக்கப்போகிறது? அங்கே அம்மாவின் சித்தி மகள் இருந்தார், அவர் கையில் எனக்காக இரண்டு ஜாதகங்கள் தயாராக இருந்தன. ஊரும் தெரியாது, பேச்சும் தெரியாது, யாரோ ஒருவருக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்துத் தலையைக் குனிந்து நிற்க நான் பிலாஸ்பூர் வரை ரயிலேறிப் போகவேண்டும். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தப்பிக்க ஒரே ஒரு வழி இருந்தது. பாலிகஞ்சில் ஒரு பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சர் வேலை காலியாக இருந்தது. பெண் பிள்ளைகளுக்குக் கராத்தேயும் சொல்லிக்கொடுக்கிற ஆள் அவர்களுக்கு வேண்டும். கறுப்பு பெல்ட் சான்றிதழை ஜனவரிக்குள் கொண்டுவந்தால் வேலை உனக்குத்தான் என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார். நான் அப்பாவிடம் போய் நின்றேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு யோசித்தார்.

"வேலை கெடச்சா இருந்துக்கோ. லேடீஸ் ஹாஸ்டல்ல எடம் பாத்துத் தாரேன். கெடைக்கலன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்காம எங்ககூட பொறப்படணும்."

சரி என்றேன். டிசம்பரில் கறுப்பு பெல்ட் தேர்வு நடத்த ஜப்பானின் ஒக்கினாவாவிலிருந்து ஒரு தேர்வாளர் கல்கத்தா வருவதாக இருந்தது. ஆகவே அந்த டிசம்பர்தான் எனக்கு எல்லாமே.

இதில் ஒரு சிக்கல். எங்கள் மாஸ்டர் ஆறு மாதம் முன்பே மஸ்கட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அந்த வருடத் தேர்வுக்கு உரிய கட்டாவின் பெயர் செயுன்சின். அதை அவர் எங்களுக்குச் சொல்லித்தரவே இல்லை. அதற்குப் பதிலாக யாரோ ஊருக்கு வந்தவர் மூலம் ஒரு வீடியோ கேசட் அனுப்பினார். காப்பிக்குக் காப்பி எடுத்தது. படம் கலங்கலாக இருக்கும். அதில் ஒரு பெரியவர் மரத்தரையில் நின்று, நமக்கு முதுகைக் காட்டியபடி, ஒன்றன்பின் ஒன்றாகப் பல கட்டாக்கள் செய்துகொண்டே போவார். செயுன்சின் ஒரே ஒரு தடவைதான் வரும்.

கேசட் வந்தது என் தோழியின் பெயருக்கு. அவளும் தமிழ்ப் பெண்தான். அவள் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்ததால் தமிழைவிட வங்காளம்தான் அவளுக்குச் சரளம். என்னைவிட இரண்டு வயது சின்னவள், வங்காளிகள் அக்காவைக் கூப்பிடுவது போல என்னை தீதி என்று கூப்பிடுவாள். போன வருடத் தேர்வில், அப்போது வேறு கட்டா, ஒரு தடவை தோற்றிருந்தாள். எனக்கு யாரிடமும் சட்டென்று ஒட்டாது, வாய் வேறு கொஞ்சம் நீளம். அந்த ஊரில் என்னைச் சகித்துக்கொண்ட ஒரே ஜீவன் அவள்.

வீசீஆர் இருந்தது அவள் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில், ஒரு வங்காளிக் குடும்பத்தில். கப்பலில் வேலை பார்க்கும் கணவர் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது. அந்த வீட்டு அம்மாவை நாங்கள் பௌதி என்போம், அண்ணி என்று அர்த்தம். பௌதி நல்லவர், ஆனால் அந்தப் பெட்டி விஷயத்தில் யமன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை, அவர் உள்ளே படுத்துத் தூங்குகிற நேரத்தில், நாங்கள் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கலாம். ஒரு நிபந்தனை. லோட்ஷெடிங் ஆகிக் கரண்ட் போனால் அந்த நிமிஷமே பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். கரண்ட் திரும்பி வரும்போது குபீரென்று வந்து பெட்டியைக் கெடுத்துவிடும் என்பது அவர் பயம். ஒரு தடவை மறந்தாலும் அப்புறம் இந்தப் பக்கம் வராதீர்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

துண்டு துண்டாகப் படித்தோம். ஒரு ஞாயிற்றுக்கு நாலைந்து அசைவுகள், பிறகு மாடிக்குப் போய் இருட்டும் வரை பயிற்சி. செயுன்சினில் உதை கிடையாது. கால்களை அகல விரித்து, முக்காலி இல்லாமல் முக்காலியில் உட்காருவது மாதிரி தாழ்ந்து நின்றபடியே முன்னும் பின்னும் போகவேண்டும். இரண்டு நிமிஷத்தில் தொடை தீயாக எரியும். பாதி கட்டா வரை ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருந்தோம்.

பூஜைக்கு முந்தின ஒரு ஞாயிறு அவளுக்கு ஜுரம். கேசட்டை மட்டும் என்னிடம் கொடுத்து அனுப்பினாள். நான் தனியாக உட்கார்ந்து, புதுப் பகுதி தொடங்குகிற இடத்தில் படத்தை நிறுத்திவைத்து, பெரியவர் நிற்கிற மாதிரியே தாழ்ந்து நின்று பார்த்தேன். அப்போது கரண்ட் போயிற்று. மின்விசிறி ஓய்ந்தது. பிளக்கைப் பிடுங்கியிருக்கவேண்டும், அது எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. ஆனால் முந்தின வாரம் அவள் என்னைவிட அதிக நேரம் தாழ்ந்து நின்றிருந்தாள். அந்த ரோஷத்தில், கரண்ட் வரும்வரை அசையமாட்டேன் என்று வீம்பாக நின்றேன். பத்து நிமிஷமாவது ஆகும் என்று என் கணக்கு. இரண்டே நிமிஷத்தில் வந்துவிட்டது. பெட்டி கரகரவென்று அரைத்தது. ஓடிப்போய்ப் பிடுங்குவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

கேசட்டை வெளியே எடுத்தேன். நாடா கொத்தாகத் தொங்கியது. கசங்கி, சுருண்டு, ஓரம் கிழிந்து போயிருந்தது. உள்ளே பௌதி புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. பௌதி பார்த்தால் கதவு மூடிவிடும். கதவு மூடினால் கட்டா இல்லை. கட்டா இல்லையென்றால் பிலாஸ்பூர்.

எங்கள் வீட்டில் பாட்டு கேசட் சிக்கிக்கொண்டால் சரிசெய்வது நான்தான். கசங்கின இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு முனையையும் செல்லோடேப்பால் ஒட்டிவிடுவேன். லேக் மார்க்கெட்டில் தெரிந்த குடும்பங்கள் எல்லாம் என்னிடம் கேசட்டைக் கொண்டுவருவார்கள். பாட்டில் ஒரு வரி போய்விடும், அதனால் ஒன்றும் மோசமில்லை. எல்லாருக்கும் தெரிந்த பாட்டு, அந்த வரி வருகிற இடத்தில் கேட்கிறவர்களே பாடி நிரப்பிவிடுவார்கள். அந்தப் பெருமையில், யோசிக்காமல், பௌதியின் தையல் மெஷின் டிராயரிலிருந்து கத்திரிக்கோலை எடுத்தேன். அளந்து பார்த்தபோது வெட்டின துண்டு ஒன்றரைச் சாண் இருந்தது. அவர் மகளின் பள்ளிப் பையில் செல்லோடேப் கிடைத்தது. ஒட்டி, விரலால் சுற்றி உள்ளே இழுத்து, கத்திரிக்கோலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, பௌதி எழுந்து வரும்போது நான் ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்துதான் அந்தத் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சினிமா பிலிம் என்றால் குட்டிக் குட்டியாகப் படம் தெரியும். இதில் ஒன்றுமே தெரியவில்லை, வெறும் பழுப்பு நாடா. இது எல்லாருக்கும் தெரிந்த பாட்டு இல்லை, இதில் போன வரியைப் பாடி நிரப்ப எங்களில் யாருக்கும் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த ஞாயிறு அவள் வந்தாள். அந்த இடத்தில் திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக இறைந்துவிட்டு, ஒரு குதி குதித்து, படம் தொடர்ந்தது. என்ன தீதி இது என்று கேட்டாள். பழைய டேப், அங்கே அப்படித்தான் குதிக்கிறது என்றேன். அவள் நம்பினாள். குதிப்பதற்கு முன் பெரியவர் ஜன்னலை ஒட்டி நிற்கிறார், குதித்த பின் தூண் பக்கத்தில் நிற்கிறார். நடுவில் இரண்டு அடி பின்னால் வந்திருக்கிறார் என்பது கண்ணுள்ள யாருக்கும் தெரியும். ஆனால் வித்தியாசம் இருக்கிறது என்று தெரிந்தவள்தானே தேடிப் பார்ப்பாள். அவள் அடுத்த அசைவைப் படிப்பதிலேயே கண்ணாக இருந்தாள். அந்த இரண்டு அடியில் கை என்ன செய்கிறது, எந்தக் கால் முதலில் போகிறது என்பது எனக்கும் தெரியாது.

ஒன்பது ஞாயிறு. ஒவ்வொரு தடவையும் அவள் கட்டாவை முடித்துவிட்டுக் குனிந்து சாக்பீஸ் குறியைப் பார்ப்பாள். பக்கத்து வீட்டு மாடியில் வடகம் காயவைக்கிற பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள், அதைக்கூட அவள் கவனிக்கமாட்டாள்.

"ச்சே, மறுபடியும் ரெண்டு அடி முன்னால. என் கால்ல என்ன தப்புன்னு பாரேன் தீதி."

நானும் பார்ப்பேன். பார்த்துவிட்டு ஒருநாள், அடியைக் கொஞ்சம் குறுக்கி வை, சரியாக வந்து நிற்பாய் என்றேன். அதைச் சொன்னது நான். எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம், நானும் அப்படித்தானே செய்யப்போகிறேன் என்பது. அவள் அடியைக் குறுக்கினாள். அவளுடைய நிலை எங்கள் எல்லாரையும்விட அகலமாக, ஆடாமல் இருக்கும். மாஸ்டரே அதைச் சொல்லிக்காட்டி மற்றவர்களை வைவார். அது கண் முன்னால் சுருங்கி, ஒடுங்கி, ஆட்டம் கண்டது. ஆனால் சரியாகக் குறிமேல் வந்து நின்றாள். நின்றுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள்.

மாஸ்டருக்கு எழுதிக் கேட்டிருக்கலாம். இரண்டு தடவை இன்லண்டு எடுத்துவைத்தேன், அதில் வெளிநாட்டுக்கு எழுதமுடியாது என்று சாக்குச் சொல்லி மூடிவைத்தேன். சரியான கடிதத்தாள் தபாலாபீசில் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியாதா என்ன. எழுதினால் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். அவளுக்குத் தெரியும், அவளிடமிருந்து பௌதிக்குத் தெரியும், இருக்கிற மீதிக் கட்டாவும் போகும். இப்படி ஒன்பது வாரம் தினமும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். என்மேல் எனக்கு வந்த கோபத்தையெல்லாம் வீட்டில் அம்மா மேல் காட்டினேன். அம்மா பிலாஸ்பூருக்குப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கியிருந்தார்.

தேர்வு பார்க் சர்க்கஸ் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. வெள்ளைத்துணி விரித்த மேஜைக்குப் பின்னால் தேர்வாளர் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மொழிபெயர்ப்பதற்கு ஒருவர். நாங்கள் சுவரோரமாக வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தோம். அவள் எனக்கு இரண்டு எண் முன்னால். நடுவில் ராஞ்சியிலிருந்து வந்த ஒருவன்.

அவள் எழுந்து போனாள். முதல் பாதியிலேயே தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவள் முடித்துக் கும்பிட்டதும் எழுந்து வந்து, அவள் இரு கால்களுக்கும் நடுவில் தன் செருப்பில்லாத காலை வைத்துக் காட்டி, இவ்வளவுதானா உன் நிலை என்பது போலத் தலையாட்டினார். மறுபடி செய்யச் சொன்னார். மறுபடியும் அதே குறுகல், அதே இடத்தில் அதே இல்லாமை. மொழிபெயர்ப்பாளர் ஹிந்தியில் சொன்னார், நிலை போதாது, நடுவில் ஒரு பகுதியே காணோம், இன்னும் நன்றாகக் கற்றுக்கொண்டு வா என்று. ஹாலில் எல்லாருக்கும் கேட்டது. அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நான் அவள் பக்கம் திரும்பவில்லை. என் கண் தரையில் இருந்தது. என் முறை வரப்போகிறது, நானும் இதே மாதிரி நிற்கப்போகிறேன், சாக்குமூட்டையோடு ரயிலேறப்போகிறேன் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை. அவளுக்காக நான் அப்போது வருத்தப்பட்டேன் என்று எழுத ஆசைதான். வருத்தப்படவில்லை.

ராஞ்சிக்காரன் செய்துகொண்டிருந்தான். திடீரென்று அவள் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

"தீதி, பாத்தியா? ரெண்டு அடி பின்னால போறான். நம்ம டேப்ல அது இல்லவே இல்ல."

நான் நிமிர்வதற்குள் அவன் அதைக் கடந்துவிட்டான். நான் பார்க்கவில்லை என்றேன். அவள் என் காதோடு வாயை வைத்து, சற்று முன்பு எல்லார் எதிரிலும் தோற்றுவிட்டு வந்தவள், அவசர அவசரமாக, ஒன்று விடாமல் சொன்னாள்.

"மொதல்ல வலது கால் பின்னால, அதே கை கீழ வருது. அப்புறம் எடது, அதே மாதிரி. நல்லாத் தாழ்ந்து நில்லு. அடியைக் குறுக்காதே, உன் இஷ்டத்துக்கு அகலமா வை. அது இருந்தா சரியா வந்துரும் தீதி."

என் எண்ணைக் கூப்பிட்டார்கள். நான் போய் நின்றேன். அகலமாக வைத்தேன். அந்த இடம் வந்தபோது வலது கால், வலது கை, இடது கால், இடது கை, அவள் சொன்னது சொன்னபடி. முடித்தபோது தொடங்கின இடத்தில் நின்றேன். தேர்வாளர் பேனாவை எடுத்து எழுதினார். நாலு மணிக்குச் சான்றிதழ் என் கையில் இருந்தது.

திரும்பும்போது ட்ராமில் இரண்டாம் வகுப்புப் பெட்டியில் இடம் கிடைத்தது. அவள் ஜன்னலோரம், நான் பக்கத்தில். அவள் சான்றிதழை வாங்கி இரண்டு தடவை படித்தாள். இனி பிலாஸ்பூர் இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலுக்கு வருவேன், உன் வார்டன் என்னை விடாவிட்டால் சண்டை போடுவேன் என்றெல்லாம் சிரித்துக்கொண்டே பேசினாள். தான் தோற்றதைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்புறம் மாஸ்டர் ஞாபகம் வந்தது அவளுக்கு.

"பாவம், அவருக்கே தெரியாது தீதி. யாரோ தப்பாக் காப்பி எடுத்துக் குடுத்து ஏமாத்திட்டாங்க. நாளைக்கே லெட்டர் போடறேன். இன்னும் வேற யாருக்காவது அந்த டேப்பை அனுப்பிடப்போறாரு."

அவள் கடிதம் எழுதினால் அவர் பதில் எழுதுவார், என் டேப்பில் எல்லாம் இருந்தது என்று. எப்படியும் தெரியப்போகிறது. நான் சொன்னதற்குக் காரணம் நேர்மை என்று யாரும் நினைக்கவேண்டாம். அவள் ஜுரமாக இருந்த ஞாயிறு, கரண்ட், கத்திரிக்கோல், எல்லாவற்றையும் முன் சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவள் குறுக்கே பேசவில்லை. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தினால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஒம்பது ஞாயிறு," என்றாள்.

"ம்."

"ஒம்பது ஞாயிறும் என் கால்ல என்ன தப்புன்னு உன்கிட்ட கேட்டேன்."

நான் ட்ராம் டிக்கெட்டை விரலில் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"ஒவ்வொரு வாட்டியும் நீ குனிஞ்சு என் காலைப் பாத்தே, தீதி."

சான்றிதழை என் மடியில் வைத்துவிட்டு அவள் எழுந்தாள். ட்ராம் ஒரு நிறுத்தத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் வீடு இன்னும் மூன்று நிறுத்தம் தள்ளி. அவள் இறங்கி, கூட்டத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பின்னாலேயே நானும் இறங்கியிருக்கலாம், ட்ராம் அப்படி ஒன்றும் வேகமாகப் போகவில்லை. நான் இறங்கவில்லை. காற்றில் அந்தக் காகிதம் மடங்கிவிடக்கூடாதே என்று இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.